மனச்சிதைவு நோயும் பரம்பரையும்: ஒரு தேடலின் சரித்திரம்

2009-ஆம் ஆண்டு 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி' என்ற மருத்துவ இதழில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. ஸ்கிஸோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோய்க்குப் பரம்பரையில் என்ன காரணம் என்று தேடிய கட்டுரை அது. ஆராய்ச்சியில் பங்குகொண்டவர்கள் 441 பேர். அவர்களில் 262 பேர் நோயாளிகள். இந்தக் குடும்பங்கள் பெரும்பாலும் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவை என்று கட்டுரைச் சுருக்கத்திலேயே போட்டிருக்கிறது: தமிழ்நாட்டு பிராமணர்கள். அதாவது நம்மவர்கள்.

இதை நான் சொன்னபோது அநேகமாக எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அப்போ நம்மவாளுக்குத்தான் இந்த வியாதி ஜாஸ்தியா?" இல்லை. உலகத்தில் எந்த ஜனக்கூட்டத்தை எடுத்தாலும் ஆயுளில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு, அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக, இந்த நோய் வருகிறது. நம்மைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறு. அதைச் சொல்வதற்கு முன்னால் நூறு வருஷக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நோயைப் பற்றி இரண்டு வார்த்தை. யாரும் பேசாமலே காதில் குரல் கேட்பது, வீட்டிலுள்ளவர்களே தனக்கு விஷம் வைப்பதாக நம்புவது, பேச்சு கோர்வை இழப்பது, பிறகு எதிலும் ஈடுபாடு இல்லாமல் மூலையில் உட்கார்ந்துவிடுவது – இவை இதன் லட்சணங்கள். பெரும்பாலும் 16 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில் தலைகாட்டும். படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் கூடிவரும் வயது. ஒரே ஆளுக்குள் இரண்டு மூன்று ஆட்கள் இருப்பதாக 2005-இல் வந்த 'அந்நியன்' படத்தில் பார்த்தோமே, அது வேறு சமாசாரம். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் படித்தவர்களிலும் உண்டு.

ஜெர்மனியில் எமில் கிரேப்லின் என்ற மருத்துவர் 1890-களில் இந்த நோயை மற்ற மனநோய்களிலிருந்து பிரித்து அடையாளம் காட்டினார். ஸ்கிஸோஃப்ரினியா என்ற பெயரை 1908-இல் கொடுத்தவர் ஸ்விட்சர்லாந்தின் ஆய்கன் ப்ளாய்லர். அந்தச் சமயத்தில்தான் மெண்டலின் பட்டாணிச் செடி விதிகள் மறுபடி கண்டெடுக்கப்பட்டு எல்லார் வாயிலும் புரண்டுகொண்டிருந்தன. பி.எஸ்ஸி. வகுப்பில் நாமெல்லாம் நெட்டுருப் போட்ட 3:1 கணக்குத்தான். மனநோயும் அந்தக் கணக்கில் அடங்கும் என்று நம்பினார்கள்.

கிரேப்லினின் சீடர் எர்ன்ஸ்ட் ரூடின் 1916-இல் நோயாளிகளின் கூடப்பிறந்தவர்களைக் கணக்கெடுத்து ஒரு நூல் வெளியிட்டார். மெண்டல் கணக்குப்படி கூடப்பிறந்தவர்களில் நாலில் ஒருவருக்கு நோய் வந்திருக்க வேண்டும். அவருக்குக் கிடைத்ததோ நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. நேர்மையான விஞ்ஞானி அங்கே நின்று யோசித்திருப்பார். ரூடின் யோசித்த திசை வேறு. 1933-இல் ஹிட்லர் அரசு பரம்பரை நோயாளிகளைக் கட்டாயமாகக் கருத்தடை செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, அதற்கு அதிகாரபூர்வமான விளக்கவுரை எழுதிய மூவரில் அவரும் ஒருவர். அந்தச் சட்டத்தின் பட்டியலில் ஸ்கிஸோஃப்ரினியாவும் இருந்தது. சுமார் 4 லட்சம் பேருக்கு அறுவை செய்தார்கள். பிறகு 1940-41-இல் மனநல விடுதிகளிலிருந்து சுமார் 70,000 பேரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் விஷவாயு செலுத்திக் கொன்றார்கள். யூதர்களுக்காகப் பின்னால் கட்டிய விஷவாயு அறைகளுக்கு ஒத்திகை நடந்தது இந்த நோயாளிகள் மேல்தான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. டோரே, யோல்கன் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2010-இல் பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஜெர்மனியில் கருத்தடைக்கோ கொலைக்கோ ஆளான மனச்சிதைவு நோயாளிகள் இரண்டு லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள். அப்படி வேரோடு பிடுங்கினால் அடுத்த தலைமுறையில் நோய் ஒழிந்திருக்க வேண்டுமல்லவா? யுத்தத்துக்குப் பின் அங்கே புதிதாக நோய் வந்தவர்களின் விகிதம் குறையவில்லை. ஒரு தேசத்து அரசாங்கம் முழு பலத்தோடு செய்து பார்த்தும் நடக்காத காரியம் இது. பெண் பார்க்கப் போகும்போது "குடும்பத்தில் யாருக்காவது அந்த மாதிரி உண்டா?" என்று விசாரித்தே நோயைத் தடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

ஜெர்மனியின் அட்டூழியத்துக்குப் பிறகு பரம்பரை என்று வாய் திறக்கவே மருத்துவர்கள் கூசினார்கள். அமெரிக்காவில் கடிவாளம் எதிர்ப்பக்கம் திரும்பியது: நோய்க்குக் காரணம் தாயார் வளர்த்த விதம் என்றார்கள். ஏற்கெனவே பிள்ளையைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிற தாயின் தலையில் இந்தப் பழியும் ஏறியது. அதை இறக்கிவைத்தது 1966-இல் ஆரிகன் மாநிலத்தில் லெனார்ட் ஹெஸ்டன் செய்த ஆய்வு. மனச்சிதைவு நோயுள்ள தாய்மாருக்குப் பிறந்து, பிறந்த சில நாட்களிலேயே பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரை அவர் தேடிப் பிடித்தார். அவர்களில் 5 பேருக்கு நோய் வந்திருந்தது. அதேபோலப் பிரிந்து வளர்ந்த, நோயில்லாத தாய்மாரின் பிள்ளைகள் 50 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. ஆகவே வளர்ப்பு இல்லை, பிறப்பில் ஏதோ இருக்கிறது என்று தெளிவாயிற்று. ஆனால் அதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. நோயுள்ள தாயின் வயிற்றில் பிறந்தும் 42 பேருக்கு வரவில்லை.

இரட்டைப் பிள்ளைகளின் கணக்கும் இதையே சொல்லுகிறது. ஒரே கருவிலிருந்து பிரிந்த, அச்சில் வார்த்தாற்போலிருக்கும் இரட்டையருக்கு ஜீன்கள் அத்தனையும் பொது. ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வருவது பழைய ஆய்வுகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 48. டென்மார்க் தேசத்துப் பதிவேடுகளை வைத்து 2018-இல் செய்த ஆய்வில் அது 33 தான். அந்த ஆய்வே இந்த நோயின் பரம்பரைத் தன்மை 79 சதவீதம் என்றும் சொல்லுகிறது. இந்த 79-ஐப் பத்திரிகைகள் எடுத்துப் போட்டு ஜனங்களைப் பயமுறுத்துகின்றன. உத்தியோக காலம் முழுவதும் புள்ளிவிவரங்களோடு மாரடித்தவன் என்ற முறையில் சொல்லுகிறேன்: நோயுள்ளவர் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு 79 சதவீதம் என்பது இதன் அர்த்தமே அல்ல. ஒரு ஜனத்தொகைக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் ஜீன்களின் பங்கு எவ்வளவு என்ற கணக்கு அது. தனி மனிதனைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

மிச்சப் பங்கு எங்கே? சில தெரிந்திருக்கின்றன. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம். 1959-61-இல் சீனாவில் அதைவிடக் கொடிய பஞ்சம். இரண்டு இடத்திலும் அப்போது கருவிலிருந்த பிள்ளைகளுக்குப் பின்னாளில் இந்த நோய் சுமார் இரண்டு மடங்கு வந்தது. இளம் வயதில் கஞ்சா பழகுவது இன்னொன்று. நம்மூர்ப் பிள்ளைகள் விஷயத்தில் எனக்குக் கவலை தருவது இதுதான்.

எண்பதுகளில் டி.என்.ஏ.வை நேரடியாக ஆராயும் முறைகள் வந்ததும், ஒரே ஒரு கெட்ட ஜீனைப் பிடித்துவிடலாம் என்ற ஆசை மறுபடி துளிர்த்தது. 1988 நவம்பரில் 'நேச்சர்' இதழில் ஐஸ்லாந்து, பிரிட்டிஷ் குடும்பங்களை ஆராய்ந்த ஒரு குழு, நோயின் இருப்பிடம் 5-ஆவது குரோமோசோமில் என்று அறிவித்தது. வேடிக்கை என்னவென்றால், ஸ்வீடன் குடும்பம் ஒன்றை ஆராய்ந்து அந்த இடத்தில் ஒன்றுமில்லை என்று சொன்ன கட்டுரையும் அதே இதழில், அதற்கு அடுத்தாற்போலவே வந்தது. காட்ஸ்மன், ஷீல்ட்ஸ் என்ற இருவர் 1967-லேயே, இது ஒரு ஜீன் விவகாரம் அல்ல, பல சிறு சிறு ஜீன்கள் சேர்ந்து செய்வது என்று எழுதியிருந்தார்கள். அப்போது கேட்டவர்கள் சொற்பம்.

இந்தக் கட்டத்தில்தான் சென்னை வருகிறது, நாமும் வருகிறோம்.

சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் நெடுங்காலம் தலைமை வகித்தவர் டாக்டர் எம்.சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். மங்களூரில் மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். ஓய்வு பெற்ற பின் வீட்டில் உட்காராமல், டாக்டர் ஆர்.தாரா முதலானவர்களோடு சேர்ந்து 1984-இல் 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 1992-இல் பத்மபூஷண் பெற்றார். 2021 டிசம்பரில் 98-ஆவது வயதில் காலமானார். இந்த ஸ்கார்ஃப் நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் க்வீன்ஸ்லாந்தைச் சேர்ந்த பேராசிரியர் ப்ரையன் மௌரியின் குழுவும் கைகோத்துச் செய்ததுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன 2009 ஆய்வு.

நம்மை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? வைக்கோல் போரில் ஊசி தேடுகிறவன் சின்னப் போராகப் பார்த்துத் தேடுவான் அல்லவா, அதுதான் காரணம். பல இடத்து ஜனங்கள் கலந்த கூட்டத்தில் நோயாளிக்கும் மற்றவருக்கும் ஆயிரம் வித்தியாசம் இருக்கும். எது நோயால் வந்தது என்று பிரிக்க முடியாது. பல தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே கொண்டு கொடுத்த சமூகத்தில் பின்னணி ஒரே மாதிரி இருக்கும், வித்தியாசம் எடுப்பாகத் தெரியும்.

மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. பேலஸ் ரோடிலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் போதும். சேர்ளாயியில் திருமலை தேவஸ்வம் கோயிலைச் சுற்றி கொங்கணிகள், கொஞ்சம் தள்ளி குஜராத்திகள், கச்சி மேமன்கள், நாம், ஜூ டவுன். எல்லாரும் ஒரே கடையில் சாமான் வாங்கி, ஒரே ஜெட்டியில் படகு ஏறி, சம்பந்தம் மட்டும் அவரவர்க்குள் செய்துகொண்டவர்கள். யூதர்களிலேயே பரதேசி யூதர்களும் மலபார் யூதர்களும் ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துக்கொண்டதில்லை. அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். ஆனால் 2016-இல் கொச்சி யூதர்களின் டி.என்.ஏ.வை ஆராய்ந்தபோது யூத வம்சமும் கேரள வம்சமும் இரண்டுமே அதில் பதிவாகியிருப்பது தெரிந்தது. ஏடுகளில் இல்லாத சரித்திரமெல்லாம் ரத்தத்தில் இருக்கிறது. பாரத தேசம் முழுவதுமே இப்படி. 260-க்கு மேற்பட்ட தெற்காசியச் சமூகங்களை ஆராய்ந்து 2017-இல் வந்த ஒரு கட்டுரை, அவற்றில் 81 சமூகங்கள் மிகச் சில முன்னோரிலிருந்தே பெருகியவை என்று சொல்லிற்று.

நம்மிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. சகோத்திரத்தில் சம்பந்தம் கூடாது என்று கண்டிப்பாக இருந்தோம். ஆனால் கோத்திர விதி அப்பா வழியை மட்டுமே பார்க்கும். அத்தங்காளும் அம்மங்காளும் வேறு கோத்திரம். அக்கா பெண்ணும் வேறு கோத்திரம். ஆகவே முறைப்பெண் ஆனார்கள். ஜீன் கணக்கில் அத்தங்காளுக்கும் அம்மாஞ்சிக்கும் எட்டில் ஒரு பங்கு பொது; மாமாவுக்கும் அக்கா பெண்ணுக்கும் நாலில் ஒரு பங்கு. 1955-ஆம் ஆண்டின் ஹிந்து திருமணச் சட்டமும் வழக்கம் இருக்குமானால் சரி என்று இதை விட்டுவிட்டது. ஆராய்ச்சிக்காரர்கள் 2009-இல் நம் குடும்பங்களில் உறவுமுறைக் கல்யாணத்தின் தடயத்தையும் தேடிப் பார்த்ததில் ஆச்சரியமில்லை.

நோயுள்ள உடன்பிறப்புகள் இருவராவது இருக்கும் 124 ஜோடிகளைப் பிடித்து, குரோமோசோம்கள் முழுவதும் 402 மைல்கற்கள் நட்டாற்போல அடையாளம் வைத்துத் தேடினார்கள். முதல் குரோமோசோமின் குட்டைக் கையில் ஓர் இடம் பலமாகச் சுட்டப்பட்டது. பத்து ஆண்டு கழித்து, 2019-இல், இதே கூட்டணி இன்னும் பெரிய ஆய்வு ஒன்றை வெளியிட்டது. இந்தத் தடவை 3,092 பேர், நோயாளிகள் 1,321. இதில் சுட்டப்பட்ட இடம் 8-ஆவது குரோமோசோமில்! நியாசின் என்ற பி-வைட்டமினை உடம்பு பயன்படுத்திக்கொள்வதற்கு வேண்டிய என்ஸைமை உண்டாக்கும் ஜீன் அங்கே இருக்கிறது. நியாசின் இல்லாவிட்டால் பெல்லக்ரா என்ற நோய் வந்து புத்தி பேதலிக்கும் என்பது பழைய சங்கதி. சோளம் தின்னும் தக்காண ஜில்லாக்களில் வந்த பெல்லக்ராவை ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் டாக்டர் சி.கோபாலன் ஆராய்ந்திருக்கிறார். அதற்காக, இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடைக்குப் போய் நியாசின் மாத்திரை வாங்க வேண்டாம். அந்த ஜீன் வித்தியாசம் நோய் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுகிறது, அவ்வளவே. அது இருந்தும் சுகமாக இருப்பவர்கள்தான் ஊரில் அதிகம்.

உலக அளவில் கணக்கு இன்னும் விரிந்துவிட்டது. 2014-இல் சுமார் 37,000 நோயாளிகளை ஆராய்ந்து, நோயோடு தொடர்புள்ள 108 இடங்களைக் குறித்தார்கள். 2022-இல் 76,755 நோயாளிகள், 287 இடங்கள். ஒவ்வொன்றின் பங்கும் துளித்துளி. இவை எங்கோ ஒரு பாபக் குடும்பத்தில் ஒதுங்கிக் கிடப்பவை அல்ல. இதை எழுதுகிற என்னிடமும் படிக்கிற உங்களிடமும் அவற்றில் ஒரு கைப்பிடி நிச்சயம் இருக்கும். சிலருக்கு மட்டும் நிறையச் சேர்ந்துவிடுகின்றன. 2016-இல் ஹார்வர்டில் ஸ்டீவன் மெக்கரோல் குழு, 6-ஆவது குரோமோசோமிலுள்ள ஸி4 என்ற ஜீனைப் பற்றிச் சொன்னது எனக்குப் பிடித்த பகுதி. வாலிப வயதில் மூளை தனக்கு வேண்டாத இணைப்புகளை, முருங்கை மரத்தைக் கழிப்பதுபோலக் கழிக்குமாம். ஸி4 அதிகமாக வேலை செய்தால் கழிப்பு எல்லை மீறலாம். நோய் ஏன் இருபது வயதையொட்டி வருகிறது என்பதற்கு முதல்முதலாக ஒரு நியாயமான விடை. அபூர்வமாக, ஒரே மாறுதலே பெரிய ஆபத்தாவதும் உண்டு: 22-ஆவது குரோமோசோமில் ஒரு துண்டு விட்டுப்போனவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. அது பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருவதல்ல, பிள்ளையிடமே புதிதாக உண்டாவது.

இப்போது நம் கூடத்துக்கு வருவோம். ஜாதகம் பொருந்தி, இரண்டு பக்கமும் பிடித்து, நிச்சயதார்த்தத் தேதி வரை வந்த சம்பந்தம், பெண்ணின் சித்தப்பா ஒருவர் "சுகமில்லாதவர்" என்று யாரோ காதில் போட்டதால் நின்றுபோனதை நான் அறிவேன். ஒன்றல்ல. இதனால் அந்த சித்தப்பாக்களுக்கு என்ன ஆகிறது? உள் அறையில் வைத்துப் பூட்டுகிறார்கள், வைத்தியம் தள்ளிப்போகிறது. அண்ணா பெண்ணுக்கு வரன் திகையட்டும், அப்புறம் டாக்டரிடம் போகலாம் என்கிறார்கள். சீக்கிரம் மருந்து தொடங்கினால் நன்றாகக் கேட்கும் நோய் இது.

கணக்கைப் பார்க்கலாம். ஐரோப்பிய ஆய்வுகளைத் தொகுத்து காட்ஸ்மன் 1991-இல் போட்ட பட்டியல்படி, அண்ணா தம்பிக்கோ அக்கா தங்கைக்கோ நோய் இருந்தால் ஒருவருக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 9. அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் 13. சித்தப்பாவுக்கோ மாமாவுக்கோ இருந்தால் 4. அத்தங்காள் அம்மாஞ்சிக்கு இருந்தால் 2. ஒரு சம்பந்தமும் இல்லாதவருக்கே 1. ஆக, அந்தப் பெண்ணுக்கு வராமலிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 96. அதைவிட முக்கியமானது, காட்ஸ்மன் சொன்ன இன்னொரு விஷயம்: நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு நெருங்கிய உறவில் எவருக்கும் இந்த நோய் கிடையாது. 'சுத்தமான குடும்பம்' என்று விசாரித்துச் செய்கிற சம்பந்தத்திலும் இந்த மூன்றில் இரண்டு பங்குக்கு இடம் உண்டு. ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாமே என்பார்கள். 287 இடங்களைக் கூட்டிப் போடும் மதிப்பெண் லட்சக்கணக்கானவர்களைப் பற்றிப் பேசும்; எதிரில் காபி டம்ளரோடு நிற்கும் ஒரு பெண்ணைப் பற்றி அதனால் ஒன்றும் சொல்ல முடியாது.

நோய் வந்தபின் கல்யாணம் என்னவாகும் என்பதற்குச் சட்டம் ஒரு பதில் வைத்திருக்கிறது. 1976-இல் ஹிந்து திருமணச் சட்டத்தைத் திருத்தியபோது, விவாகரத்துக்குக் காரணமாகும் மனக்கோளாறு என்பதற்கு விளக்கம் எழுதி, அதில் ஸ்கிஸோஃப்ரினியா என்ற பெயரையும் சேர்த்தார்கள். நோய் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு ஒன்றே போதும் என்று பல கணவன்மார்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 1988-இல் ராம் நாராயண் குப்தா வழக்கில் நீதிபதி எம்.என்.வெங்கடாசலய்யா எழுதிய தீர்ப்பில், நோயின் பெயர் மட்டும் போதாது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு அது கடுமையாக இருக்கிறதா என்று ஒவ்வொரு வழக்கிலும் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கணவரின் மனுவை ஏற்கவில்லை.

இதே சட்டத்தில் கல்யாணத்துக்குத் தடையாக ஒருகாலத்தில் காக்காய் வலிப்பும் இருந்தது, 1999-இல் எடுத்துவிட்டார்கள். விவாகரத்துக் காரணமாக தொழுநோய் இருந்தது. 2019-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஸ்கிஸோஃப்ரினியா என்ற சொல் மட்டும் 1976-இல் எழுதியபடி 13-ஆவது பிரிவில் இன்றும் இருக்கிறது.